சிவப்பு விளக்கு எரியும்போது இடப்பக்கம் திரும்பலாமா?

கேள்வி இதுதான். நாகர்கோவிலில் ஒரு சிக்னலில் சிவப்பு விளக்கு. இடப்பக்கம் திரும்ப வேண்டிய பெண் ஒருவர் நிறுத்தக் கோட்டைத் தொடாமல் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறார். பின்னால் நின்ற வேன்காரர் விடாமல் ஆரன் அடித்து, கடைசியில் தலையை வெளியே நீட்டி, "ஃப்ரீ லெஃப்ட் கூடத் தெரியாமல் எதற்கு வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னால், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தான் வேன்காரர் பக்கம் சேர்ந்துகொள்கிறார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கையோ, "இங்கே சிவப்பில் திரும்பலாமே" என்று போனில் சொல்கிறார். யார் சொல்வது சரி, திரும்பியிருந்தால் அபராதம் வந்திருக்குமா என்று கேட்டிருக்கிறார் அந்தப் பெண்.

அம்மா, நீங்கள் நின்றது சரி. அந்தச் சந்திப்பில் இடப்பக்கம் தடையின்றித் திரும்பலாம் என்று பலகை இருந்திருந்தாலோ, இடப்பக்க அம்புக்குறி பச்சையில் எரிந்திருந்தாலோ, பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் கைகாட்டி அனுப்பியிருந்தாலோ மட்டும்தான் வேன்காரரின் பேச்சுக்கு இடமுண்டு. மூன்றும் இல்லையென்றால் அவருக்கு ஆரன் அடிக்கவே உரிமையில்லை. அத்தான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி துபாயில் இருக்கிறது. தங்கை சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அவர் ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகரத்துக்குள் போனால் அவரும் நிற்க வேண்டியவர்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மாவட்டத்தில் இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இருசக்கர வண்டியில் எட்டுப் போட வைப்பதற்குக்கூட எனக்கு இவ்வளவு தொண்டை வற்றியதில்லை. எல்.எல்.ஆர். தேர்வில் 'சிவப்பு என்றால் நிற்க வேண்டும்' என்பதைச் சரியாகக் குறித்துவிட்டு வருகிற அதே பிள்ளைகள், உரிமம் கைக்கு வந்த மறுமாதம், "அது நேராகப் போகிறவர்களுக்கு, நமக்கில்லை" என்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் படித்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. அப்பா திரும்பினார், மாமா திரும்பினார், மினி பஸ் டிரைவர் தினமும் திரும்புகிறார். பாட்டி வைத்தியம் மாதிரி கைமாறி வந்த சட்டம் இது.

எழுதிய சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 118-ஆவது பிரிவு, வண்டி ஓட்டும் முறைக்கான ஒழுங்குவிதிகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தில் 1989-இல் வந்த சாலை விதிகளை நீக்கிவிட்டு, 2017-இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குவிதிகள் அறிவிக்கப்பட்டன. 119-ஆவது பிரிவு, கட்டாயச் சாலைக் குறியீடுகளுக்கும் அந்த ஒழுங்குவிதிகளுக்கும் ஏற்பவே வண்டியை ஓட்ட வேண்டும், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று ஓட்டுநரைக் கட்டிப்போடுகிறது. இவை எல்லாம் மத்தியச் சட்டம் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு முக்கியம். களியக்காவிளையைத் தாண்டினால் பலகையில் எழுத்து மலையாளமாகிறது, விதி மாறுவதில்லை. டி.என். 75 வண்டி பாறசாலையில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படித்தான் கேரள வண்டி மார்த்தாண்டத்தில் நிற்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது, குற்றத்தை நீதிமன்றம் போகாமல் தீர்த்துக்கொள்ளச் செலுத்தும் தொகைதான்.

சிவப்பு விளக்குக்குப் பொருள், சாலைக்குக் குறுக்கே கிடக்கும் அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டாதே என்பது. நேரே போகிறாயா, திரும்புகிறாயா என்ற விசாரணையே அதில் கிடையாது. கோட்டைத் தாண்டிய அந்தக் கணத்திலேயே விதி முறிந்துவிடுகிறது. திரும்பி முடித்த பிறகு அல்ல. கோடு அழிந்து போயிருந்தால் பாதசாரிகள் கடக்கும் பட்டைகளுக்கு முன்னாலும், அதுவும் இல்லாத இடத்தில் விளக்குக் கம்பத்துக்கு முன்னாலும் நில்லுங்கள். நம் ஊரில் ஒரு ஐப்பசி மழை போதும், புதிதாகப் போட்ட கோடும் மங்கிவிடும். அதனால் இதைச் சொல்லித் தருவது வெறும் சம்பிரதாயமில்லை.

'ஃப்ரீ லெஃப்ட்' எங்கிருந்து வந்தது? சாலை அகலமான ஊர்களில், சந்திப்பு வருவதற்குச் சற்று முன்பே இடப்பக்கத் தடம் ஒன்று பிரிந்து, நடுவில் ஒரு முக்கோணத் திட்டு கட்டி, அந்தத் தடத்தைத் தனியாக வளைத்து விட்டிருப்பார்கள். அந்தத் தடத்தில் போகிறவர் சிக்னலின் கோட்டைத் தாண்டுவதே இல்லை. அவருக்கு அந்த விளக்கு பேசவில்லை. எதிரே வரும் சாலையில் சேரும்போது அங்கே ஓடும் வண்டிகளுக்கு வழிவிட்டுச் சேர வேண்டும், அவ்வளவுதான். அது முறையான ஃப்ரீ லெஃப்ட். இன்னொன்று, திட்டு கட்ட இடமில்லாத சந்திப்பில் பலகை வைத்து அனுமதிப்பது. பலகை வைப்பதற்கும் சட்டத்தில் 116-ஆவது பிரிவு இருக்கிறது. மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ, தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையமோ மத்திய அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ வைக்க வேண்டும். மற்றபடி எவரும் நட்டுவைத்த பலகைக்கு மதிப்பில்லை.

ஆக அந்த அனுமதி இடத்துக்குரியது. ஒரு சந்திப்பில் இருப்பதால் அடுத்த சந்திப்பில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரே சந்திப்பில்கூட வடக்கிலிருந்து வருகிறவருக்கு இருக்கும், கிழக்கிலிருந்து வருகிறவருக்கு இருக்காது. திருவிதாங்கூர் காலத்தில் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போட்ட தெருக்கள் நம்முடையவை. கோட்டாறிலும் வடசேரியிலும் தக்கலையிலும் கடைவாசலும் சாலையும் ஒட்டிக் கிடக்கின்றன. முக்கோணத் திட்டுக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட ஊரில் திருநெல்வேலிப் புறவழிச்சாலைப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் இடிக்கத்தான் செய்யும்.

இடிப்பது என்றேனே, அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்தேன். பயிற்சிக் காரில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொண்டிருந்தவர் நல்ல நிதானக்காரர், அரசு அலுவலகத்தில் வேலை. சிவப்பில் நின்றுகொண்டிருந்தோம், இடப்பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மாணவரின் இடது கால் கிளட்சில் நடுங்குவதை நான் பார்க்கிறேன். "நில்லுங்கள்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அவர் வண்டியை நகர்த்திவிட்டார். நகர்த்தும்போது அவர் பார்த்தது வலப்பக்கத்தை. அங்கிருந்துதான் பச்சையில் வண்டிகள் வருகின்றன, அங்கேதான் பார்க்கத் தோன்றும். கழுத்து வலப்பக்கம், வண்டி இடப்பக்கம். இடப்பக்க நடைமேடையிலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பட்டைகளின் மேல் இறங்கியிருந்தார். கேரியரின் இரு பக்கமும் மட்டி வாழைக் குலைகள், மொத்தம் நான்கோ ஐந்தோ. நான் மிதித்த பிரேக்கில் வண்டி நின்றபோது ஒரு குலையின் நுனி எங்கள் பானெட்டில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு பழம் உதிர்ந்து கீழே விழுந்தது. அவர் சைக்கிளை இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி குனிந்து, இரண்டையும் எடுத்து, துண்டில் துடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். திட்டவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பஸ்காரர் ஆரனை நிறுத்தவும் இல்லை.

பலகை வைத்து அனுமதித்த இடத்திலும் இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஃப்ரீ லெஃப்ட் என்றால் பாதசாரிக்கு முன்னால் போகலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பட்டையில் கால் வைத்தவருக்கு முதல் உரிமை, அவர் கடந்த பிறகு உங்களுக்கு. நம் பச்சையிலும் இதே முறைதான். பச்சை விழுந்து இடப்பக்கம் திரும்பும்போது, நீங்கள் நுழையப்போகும் சாலையைக் கடப்பவர்கள் இருந்தால் நின்றுதான் திரும்ப வேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், இது சட்டத்தைவிட உயிருக்கு நெருக்கமானது. சிக்னலில் பஸ் நிற்கும்போது அதன் இடப்பக்கச் சந்தில் நுழைந்து முன்னேறாதீர்கள். நீளமான வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. அது மூலையை நோக்கி உள்ளே இழுத்துக்கொண்டு வரும். முன்பக்கம் உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்று நீங்கள் மூச்சு விடுகிற நேரத்தில் பஸ்ஸின் நடு உடம்பு உங்கள் மேல் சாயும். பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. அந்தச் சந்து எத்தனை அகலமாகத் தெரிந்தாலும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.

இப்போது அத்தான் விஷயம். வளைகுடா நாடுகளில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். நமக்கு இடப்பக்கத் திருப்பம் எப்படியோ அவர்களுக்கு வலப்பக்கத் திருப்பம் அப்படி. துபாயில் பெரிய சந்திப்புகளில் நான் மேலே சொன்ன முக்கோணத் திட்டும் தனித் தடமும் இருக்கும். அதில் அவர் நிற்காமல் திரும்பிப் பழகியிருக்கிறார். தடம் இல்லாத இடத்தில், விளக்கு சிவப்பாக இருக்கும்போது கோட்டைத் தாண்டித் திரும்பினால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள். அமீரகத்தில் சிவப்பைத் தாண்டிய காருக்கு 1,000 திர்ஹாம் அபராதம், உரிமத்தில் 12 கரும்புள்ளி, 30 நாள் வண்டி முடக்கம். அங்கே அவர் ஒருநாளும் இந்தத் தைரியத்தைக் காட்டியிருக்க மாட்டார். சவூதியில் வேலை பார்த்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே தடைப் பலகை இல்லாவிட்டால் சிவப்பிலும் வலப்பக்கம் திரும்பலாம், ஆனால் முழுதாக நின்ற பிறகு.

அமெரிக்காவில் இது பெட்ரோல் பஞ்சத்தில் பரவிய பழக்கம். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, வெறும் சாலையில் சிவப்பைப் பார்த்துக்கொண்டு என்ஜினை ஓடவிட்டு நிற்பது வீண் என்று யோசித்தார்கள். 1975-இல் வந்த எரிசக்திச் சட்டம், மாநிலங்கள் எரிசக்திச் சேமிப்புத் திட்டங்களுக்கு மத்திய உதவி பெற வேண்டுமானால் சிவப்பில் வலப்பக்கம் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தது. 1980-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. அங்கேயும் முதலில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், நடப்பவருக்கும் குறுக்கே வருபவருக்கும் வழிவிட வேண்டும், தடைப் பலகை இருந்தால் திரும்பக் கூடாது. நடைபாதைக் கூட்டம் மிகுந்த நியூயார்க் நகரம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அங்கே பலகை அனுமதித்தால் மட்டுமே திரும்பலாம். ஜெர்மனியிலும் விளக்கின் பக்கத்தில் பச்சை அம்பு வரைந்த சிறு தகடு பொருத்திய இடத்தில் மட்டுமே, அதுவும் நின்ற பிறகே. கிழக்கு ஜெர்மனியில் 1978-இல் வந்த தகடு அது, இரு நாடுகளும் இணைந்த பின் 1994-இல் நாடு முழுவதற்கும் ஆனது. நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் சிங்கப்பூரிலும் பலகை உள்ள சந்திப்பில்தான் சிவப்பில் இடப்பக்கம் திரும்ப முடியும். ஊருக்கு வரும் தங்கைக்கு ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அங்கே பழகிய கையோடு இங்கே வந்து சிவப்பில் வலப்பக்கம் திரும்பினால், அது எதிரே வரும் மொத்தப் போக்குவரத்தையும் குறுக்கே வெட்டுவது. கற்பனை செய்து சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்து பயிற்சி வண்டி கேட்பவர்களை முதல் நாள் நான் சிக்னல் பக்கமே கொண்டுபோவதில்லை.

அபராதம் பற்றி. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, 184-ஆவது பிரிவில் ஆபத்தாக ஓட்டுதல் என்றால் என்ன என்று விளக்கம் சேர்த்தார்கள். அதில் சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் ஒன்று. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். பயப்பட வேண்டாம், இடப்பக்கம் திரும்பியதற்காக யாரையும் உள்ளே தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொதுவான மீறல்களுக்குரிய 177-ஆவது பிரிவில் எழுதினால் முதல் முறை 500, அடுத்த முறை 1,500 ரூபாய். காவலர் எந்தப் பிரிவைச் சலானில் எழுதுகிறார் என்பதைப் பாருங்கள், தொகையைவிட அது முக்கியம். ஏனென்றால் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்குச் சொன்ன அறிவுரையில், சிவப்பைத் தாண்டுகிறவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. தினமும் வண்டி ஓட்டி வயிறு வளர்க்கும் வேன்காரருக்கு மூன்று மாதம் என்பது என்ன என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கேமரா எடுத்த படத்தின் பேரில் நோட்டீஸ் வந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167-அ விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். கேமரா கண்காணிக்கும் இடத்துக்கு முன்னால் அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். காவலர் கைகாட்டி அனுப்பியதால்தான் திரும்பினீர்கள் என்றாலோ, அங்கே உண்மையிலேயே ஃப்ரீ லெஃப்ட் பலகை இருந்தாலோ, தொகையைக் கட்டிவிட்டுப் புலம்பாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பலகையின் புகைப்படத்தோடு ஆட்சேபம் தெரிவித்து நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

மீதி உள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளக்குக்கும் காவலர் கைக்கும் முரண்பாடு வந்தால் கைதான் பெரிது. கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களிலும், ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கன்னியாகுமரிக்கு வரிசைகட்டும் கார்த்திகை, மார்கழியிலும் விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், போக்குவரத்தைக் காவலர்தான் நடத்துவார். மஞ்சள் என்பது நிற்பதற்கான விளக்கு. திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் வருபவர் மோதிவிடும் அளவுக்கு நெருங்கிவிட்டால் மட்டுமே தாண்டலாம். இரவில் மஞ்சள் மினுக்கிக்கொண்டிருந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்த்துப் போக வேண்டும். மின்சாரம் போய் விளக்கே அணைந்திருந்தால் அது விளக்கில்லாத சந்திப்பு. பிரதான சாலையில் வருபவருக்கு வழிவிட வேண்டும், இரண்டும் சமமான சாலை என்றால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு. ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால் ஓரமாக ஒதுங்கி இடம் கொடுங்கள். வழிவிடாவிட்டால் 194E பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் அதற்காகக் குறுக்கே பாயும் போக்குவரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிடாதீர்கள். கவனமாகச் சிவப்பைக் கடக்கும் சலுகை ஆம்புலன்ஸுக்கு இருக்கிறது, அதன் முன்னால் ஓடுகிறவருக்கு இல்லை.

வேன்காரர் மறுபடி கத்தினால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பச்சை விழுவதைக் கவனிக்க மாட்டீர்கள், அப்புறம் அவர் கத்துவதில் நியாயம் வந்துவிடும். இண்டிகேட்டரைப் போட்டபடி இடப்பக்க ஓரத்திலேயே நில்லுங்கள்.

ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுக்காமல் அந்தச் சந்திப்புக்கு நடந்து போங்கள். நீங்கள் வந்த திசையில் நின்று கம்பங்களைப் பாருங்கள். பலகை இருக்கிறதா, இருந்தால் அதன் மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இறந்தவர்கள் மறைத்த பலகைகள் கொஞ்சமல்ல. கோடும் பட்டையும் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். தெரியவில்லையென்றால் படம் எடுத்து, திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுங்கள். 'சிக்னலில் கோடு இல்லை' என்று மட்டும் எழுதினால் அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். எந்தச் சந்திப்பு, எந்தப் பக்கத்திலிருந்து வரும்போது, எந்தக் கடைக்கு எதிரே என்று எழுதி, படத்தையும் சேர்த்துவிடுங்கள். ரசீது எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.